கருக்கும் தண்ணீர்தான்

முதலில் வந்தது காய்ச்சல் இல்லை, கெண்டைக்கால் வலி. படியில் ஏறும்போது இரண்டு கால்களின் பின்சதையையும் யாரோ கயிறு போட்டு முறுக்குவது போல இருந்தது.

2012இன் ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மணவாளக்குறிச்சிக்கு உள்பக்கம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள வாழைத்தோப்பில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. சரிந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுக்க நானும் கணவரும் செருப்பில்லாமல் இறங்கியிருந்தோம். அந்த அலைச்சலால் வந்த வலி என்றுதான் நினைத்தேன்.

நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கிறேன். கரைசல்களை அளந்து ஊற்றி, குடுவைகளில் பெயர் ஒட்டி, மாணவர்கள் வருவதற்கு முன் மேசையில் அடுக்கிவைப்பது என் வேலை. பாடவேளையின் நடுவில் ஆய்வகத்தை விட்டு வெளியே போக முடியாது. அமிலம் இருக்கும் இடம். கழிப்பறைக்குப் போவதற்குக்கூட மணி அடிக்கும்வரை பொறுத்திருப்பது பழகிப்போன ஒன்று.

மறுநாள் என் கண்கள் சிவந்திருந்தன. முன்வரிசைப் பெண் ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: “மிஸ்ஸுக்கு மெட்ராஸ் ஐ! ஏட்டி, ஆரும் மிஸ்ஸைப் பாக்காதீங்கோ!” வகுப்பு முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. நானும் சிரித்தேன். அன்று மாலை குளிர்காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் மாத்திரையில் அடங்கவில்லை. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போயிற்று, பிறகு குறைந்தது, பிறகு அநேகமாக நின்றே போயிற்று. கண்ணின் வெள்ளை மஞ்சளானது. ஊரில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் என் பாதத்தைத் திருப்பிக் குதிகால் வெடிப்புகளைப் பார்த்தார். வயலில் இறங்கினீர்களா, தோப்பில் இறங்கினீர்களா என்று கேட்டார். உடனே ரத்தம் எடுத்தார். அறக்கட்டளை நடத்தும் சிறுநீரகப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, “வீட்டுக்குப் போகாண்டாம். இங்கேருந்து நேரே போங்கோ” என்றார்.

அந்த அறக்கட்டளையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். கடலோர மீன் வியாபாரக் குடும்பங்களும் உள்ளூர்க் கடைக்காரர்களும் சேர்ந்து தொடங்கியது. நாகர்கோவில் போகும் வழியில் ஒரு சிறிய மருத்துவமனையின் பின்கட்டில் அவர்களுடைய பிரிவு இருக்கிறது. டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, கழிவை நீக்கி, மறுபடி உடலுக்குள் அனுப்பும் முறை) இயந்திரங்கள் அங்கே இருந்தன. ஊர்களுக்கு நேரில் சென்று நோயாளிகளைப் பார்க்கும் பணியாளர்களும் அவர்களுக்கு உண்டு. கட்டணம் பற்றி என் கணவர் கேட்டபோது அங்கிருந்த பணியாளர் ஸ்டெல்லா, “அண்ணே, மொதல்ல அக்காவைப் படுக்க வைப்போம். அதெல்லாம் பெறகு பேசலாம்” என்றாள். அதுவரை நாங்கள் அவளைப் பார்த்ததே இல்லை.

எனக்கு வந்தது எலிக்காய்ச்சல் (எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கும் கிருமி, தோலின் வெடிப்பு வழியாக உள்ளே போவதால் வரும் நோய்). கிருமிக்கு ஊசி போட்டார்கள். ஆனால் அது அதற்குள் சிறுநீரகங்களைத் தாக்கியிருந்தது. கிரியாட்டினின் (தசைகளில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) மிகவும் ஏறியிருந்தது. கழுத்து நரம்பில் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

காய்ச்சல் சற்றுத் தணிந்து நினைவு தெளிந்ததும் மருத்துவரிடம் கேட்டேன்: “டாக்டர், கிட்னி செத்துப்போச்சா?”

மெதுவாகப் பேசும் அம்மையார் அவர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். “சாகல. மயங்கிக் கிடக்கு. அது முழிக்கிற வரைக்கும் மெஷின் அந்த வேலையைப் பாக்கும்.”

“முழிக்குமா?”

“இந்தக் காய்ச்சல்ல நெறைய பேருக்கு முழிச்சிருக்கு. உங்களுக்கும் முழிக்கணும். ஆனா நான் சத்தியம் பண்ண முடியாது.”

பக்கத்துக் கட்டில்களில் ஆண்டுக்கணக்காக டயாலிசிஸுக்கு வந்து போகிறவர்கள் படுத்திருந்தார்கள். அவர்களுடைய கைகளில் புடைத்துநின்ற நரம்புகளைப் பார்த்தேன். நான் அவர்களில் ஒருத்தியாகப் போகிறேனா, இல்லையா? அன்றிலிருந்து அந்த ஒரு கேள்விதான்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குத் தாகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீர் போகாத உடலில் குடிக்கும் தண்ணீர் அப்படியே தங்கிவிடும். காலில் வீங்கும், நெஞ்சில் சேர்ந்து மூச்சை அடைக்கும். ஆகவே ஒரு நாள் முழுவதுக்கும் அரை லிட்டர்தான் என்றார் மருத்துவர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கணவரிடம் சொல்லி ஒரு பிளாஸ்டிக் அளவுகுடுவை வாங்கிவரச் செய்தேன். காலையில் தண்ணீரை அளந்து பாட்டிலில் ஊற்றுவேன். மாத்திரை விழுங்கும் மடக்கையும் அதிலிருந்தே எடுப்பேன். ஒரு சொட்டுக்கூடக் கூடாமல் பார்த்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஏத்தன்பழம் (நேந்திரன் வாழைப்பழம்) வரும், இளநீர் வரும். இளநீரை நாங்கள் கருக்கு என்போம். காய்ச்சல்காரருக்குக் கருக்கு, நீர்க்கடுப்புக்குக் கருக்கு, வெயிலில் மயங்கி விழுந்தவருக்கும் கருக்கு. என் அண்ணன் செல்லப்பனுக்கு இதில் இன்னும் உறுதி அதிகம். மண்டைக்காட்டுக் கோயிலுக்குப் போகும் சாலையோரத்தில் கருக்கு விற்பதுதான் அவருடைய தொழில்.

அண்ணன் ஒரு மாலையில் குலையோடு வந்து நின்றார். கையில் வெட்டுக்கத்தி வேறு. காவலாளி கத்தியை வாங்கி வைத்துக்கொண்டதால், வாசலிலேயே சீவி எடுத்துக்கொண்டு வந்தார்.

“ஏட்டி சுசீலா, என்ன இப்பிடி ஒணங்கிப்போயிருக்கே?”

“தண்ணி குடிக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ, அண்ணே.”

“தண்ணிதானே குடிக்கப்பிடாது? இது கருக்குல்லா. மூத்திரம் போகாததுதானே ஒனக்குச் சூக்கேடு? இதக் குடிச்சா மடை தொறந்த மாதிரி போவும். கேட்டியா மாப்ளே?”

என் கணவர் யோசித்தார். “அத்தான் சொல்லுகதும் சரிதான். எங்கம்மைக்கு நீர் அடைச்சப்ப கருக்குதான் குடுத்தது.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. அன்றைய தண்ணீரில் இன்னும் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பாட்டிலைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பிறகு கருக்கைக் குடித்தேன். வழுக்கையையும் தின்றேன். இன்னொன்றும் குடித்தேன். அதை நான் அளக்கவில்லை. அளக்க வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கருக்கை யாராவது தண்ணீர்க் கணக்கில் சேர்ப்பார்களா? மறுநாளும் அண்ணன் வந்தார். கருக்கோடு அவித்த ஏத்தன்பழமும் வந்தது.

பழமும் இளநீரும் கூடாது என்று சேர்த்த அன்றே சொல்லியிருக்கிறார்கள். அப்போது நான் காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தேன். கணவர் அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியிருக்கிறார். எதுவும் காதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னார்.

அடுத்த நாள் காலை கைகளைத் தூக்க முடியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. நெஞ்சுத் துடிப்பு நின்று நின்று யோசித்து அடிப்பது போலத் தோன்றியது. கணவரைக் கூப்பிட்டேன், குரல் வந்ததா என்று தெரியவில்லை. இதயப் பதிவு எடுத்த செவிலி தாளைக் கிழித்துக்கொண்டு ஓடினாள். கையில் மெதுவாக ஒரு ஊசி போட்டார்கள். இன்னொருவருக்காகத் தயாராக இருந்த இயந்திரத்தில் என்னை இணைத்தார்கள். அந்த இன்னொருவர், நடைபாதை நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு தன் முறைக்காக மறுபடியும் காத்திருந்தார். அவரிடம் நான் பிற்பாடு நன்றி சொன்னேன். “எனக்கும் ஒருநாள் இப்பிடி ஆச்சு. எனக்கு மரச்சீனிக் கெழங்கு தின்னு” என்றார்.

ரத்தத்தில் பொட்டாசியம் (இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் உப்புச்சத்து; கூடினால் இதயம் நின்றுவிடலாம்) ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. கருக்கிலும் ஏத்தன்பழத்திலும் அது நிறைய உண்டு. நல்ல சிறுநீரகம் கூடுதலை வெளியே தள்ளிவிடும், என் சிறுநீரகத்தால் முடியவில்லை. பொட்டாசியம் தீயில் இளம் ஊதா நிறம் காட்டும். அந்தச் சோதனைக்கான உப்பை எத்தனையோ ஆண்டுகளாக மாணவர்களுக்கு எடுத்துவைத்திருக்கிறேன். அது அண்ணன் வெட்டும் கருக்குக்குள்ளும் இருக்கும் என்று நினைத்ததில்லை.

அந்தக் காலை நடைபாதையில் நடந்ததைக் கணவர் சொல்லித்தான் தெரியும். அண்ணன் சுவரில் தலையை வைத்து நின்றுகொண்டிருந்தாராம்.

“எங் கையால குடுத்துக் கொன்னுட்டேனே, பிள்ளே.”

“ஆரும் சாகல்ல, அண்ணாச்சி” என்றாளாம் ஸ்டெல்லா. “அக்கா முழிச்சாச்சு. ஒங்களத்தான் கேக்காவ.”

“நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

“அதுதான் பாடில்ல. நாளைக்கும் வரணும். கருக்கு மட்டும் வேண்டாம்.”

“வெறுங்கையோடயா? சூக்கேடுகாரியப் பாக்க வெறுங்கைய வீசிக்கிட்டா வருவான் மனுசன்?”

ஸ்டெல்லா கடற்கரைக்காரி, அந்தச் சங்கடம் அவளுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வெளுத்த துண்டு ஒண்ணு கொண்டாங்கோ. பருத்தித் துண்டு” என்றாளாம்.

அண்ணன் துண்டோடு வந்தார். அதைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து முறுக்கிப் பிழிந்து, என் உதட்டையும் கழுத்தையும் துடைக்கச் சொல்லிக்கொடுத்தாள் ஸ்டெல்லா. ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்காத நிம்மதியை அந்த ஈரத்துணி கொடுத்தது. தாகத்தோடு இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். வெட்டுக்கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கை அண்ணனுடையது. துண்டின் நுனியை மட்டும் பிடித்து என் உதட்டை ஒற்றினார்.

அறக்கட்டளையின் வேலை நோயாளியோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். நோயாளியைப் பார்க்க வருகிறவர்களையும் அவர்கள் கவனித்தார்கள். வாசலில் ஒரு மேசை போட்டார்கள். வருகிறவர்கள் கொண்டுவரும் பழத்தையும் கருக்கையும் அங்கே வாங்கிப் பிரசவ வார்டுக்குக் கொடுத்துவிட்டு, துண்டோடு உள்ளே அனுப்புவது என்று ஏற்பாடு. ஆனால் மேசையருகே நின்ற பணியாளர் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை; மடியில் மறைத்துக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா அண்ணனிடம் கேட்டாள்: “அண்ணாச்சி, சாயங்காலம் கொஞ்ச நேரம் இங்க நிக்கியளா? கருக்கு விக்கியவரே சொன்னா ஆளுவ கேப்பாவ.”

அண்ணன் நின்றார். ஜன்னலோரக் கட்டிலில் இருந்ததால் வாசல் பேச்சு எனக்குக் கேட்கும். ஒரு நாள் மருமகனைப் பார்க்க ஒரு அம்மாள் குலையோடு வந்து சண்டைக்கு நின்றார்.

“நீரு ஆரு, டாக்டரா?”

“நான் மண்டைக்காட்டுல கருக்கு வெட்டுகவன்.”

“அப்ப அதுதான் காரியம்! ஒம்ம கடையில வாங்கல்லன்னு கெறுவு. இது எங்க சொந்தத் தென்னையிலுள்ளதாக்கும்.”

“அம்மா, ஒங்க தென்னை நல்ல தென்னை. ஒங்க மாப்பிளைக்கு கிட்னி நல்லதில்ல. நான் இந்தக் கையால எந் தங்கச்சிக்குக் குடுத்தேன். அவ நெஞ்சு நிக்கப் பாத்துது. அன்னா கெடக்கா, போய்க் கேளுங்கோ.”

அம்மாள் உள்ளே வந்து, என் கட்டில் அருகே நின்று, உண்மையாகவே கேட்டார். ஆமாம் என்றேன். குலையைத் திரும்பக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். போகும்போது அண்ணனிடம், “அப்ப இந்தத் துண்ட எப்பிடி முறுக்கணும், சொல்லும்” என்று கேட்டார்.

நாட்களின் எண்ணிக்கையை நான் வேண்டுமென்றே இங்கே எழுதவில்லை. நான் படுத்திருந்த நாட்களோடு உங்கள் நாட்களை ஒப்பிட்டுப் பார்த்து நீங்கள் பயப்படக் கூடாது. ஒவ்வொரு காலையும், சிறுநீர் பிடிக்கச் செவிலி தந்திருந்த வேறொரு குடுவையின் அடியில் கிடக்கும் கொஞ்சத்தை அளந்தேன். நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசமில்லாத காலைகள் பல போயின. ஒருமுறை நேற்றைவிடக் குறைந்தும் இருந்தது.

பிறகு ஒரு விடியலில் அடிவயிற்றில் ஒரு முட்டல். பழைய, மறந்துபோயிருந்த முட்டல். கணவரின் தோளைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனேன். குடுவை பாதிவரை நிறைந்தது. என் கண்ணை நம்பாமல், குடுவையைத் தரையில் சமமாக வைத்து, குனிந்து, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் படித்தேன். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முறை. வெளியே கணவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். “என்னாச்சு சுசீலா? என்னாச்சு?” எனக்கு அழுகை வந்துவிட்டது, குடுவையைக் கதவுக்கு வெளியே நீட்டினேன்.

மருத்துவர் அதைப் பார்த்து, “முழிக்குது” என்று மட்டும் சொன்னார். அடுத்தடுத்த நாட்களில் குடுவை நிறைந்து வழிந்தது. இந்தக் கட்டத்தில் (விழிக்கும் சிறுநீரகம் அளவுக்கு மீறிச் சிறுநீரை வெளியேற்றும் காலம்) தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அரை லிட்டர் என்ற கட்டுப்பாடு போய், “இன்னும் குடிங்க” என்றார்கள். அப்போதும் அளந்துதான் குடித்தேன். கிரியாட்டினின் தானாக இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் எழுந்து போவது சுலபமாக இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அறக்கட்டளை என்னை விடவில்லை. ஸ்டெல்லா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவாள், குதிகால் வெடிப்பைப் பார்ப்பாள், மருந்து பூசினேனா என்று கேட்பாள். எங்கள் தெருவில் தோப்பிலும் வயலிலும் இறங்குகிறவர்களைக் கூட்டி, மழைக்காலத்தில் காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள் என்று சொன்னாள். மருத்துவர் பரிந்துரைத்தவர்களுக்குத் தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அண்ணனையும் பேசக் கூப்பிட்டிருந்தாள்.

“செல்லப்பா, கருக்கு குடிக்காதேன்னு நீயே சொல்லுகியே, வேற யாவாரம் பாத்தாச்சா?” என்று ஒருவர் கேட்டார்.

“ஒனக்குக் கிட்னி நல்லாத்தானே இருக்கு? நீ கடைக்கு வா, குலையோட குடி. கிட்னி கேடானவனுக்குக் கொண்டுபோகாதே, அம்புட்டுதான்” என்றார் அண்ணன். கூட்டம் சிரித்தது. மறக்காமல் கேட்டுக்கொண்டது என்றும் நினைக்கிறேன்.

ஒன்றை எழுதியாக வேண்டும். எது கூடும், எது கூடாது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதே ஆளுக்கும் வாரத்துக்கு வாரம் மாறும். எனக்குச் சொன்னதை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் உணவென்றும் மருந்தென்றும் நினைத்து, கேட்கவே தோன்றாமல் விட்டிருக்கும் பொருள் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைக் கேளுங்கள்.

மாசிக் கொடை (மண்டைக்காட்டுக் கோயில் திருவிழா) வந்தது. கடைசிப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது; இனி எதையும் சாப்பிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நானும் கணவரும் மண்டைக்காட்டுக்குப் போனோம். அண்ணன் கடையைச் சுற்றிக் கூட்டம்.

“அண்ணே, எனக்கொரு கருக்கு.”

வெட்டுக்கத்தி அந்தரத்தில் நின்றது. “டாக்டர் சொன்னாவளா?”

“சொன்னாவ.”

“நீ கேட்டியா, மாப்ளே கேட்டாரா?”

“ரெண்டு பேரும் கேட்டோம்.”

“மாப்ளே தலையத்தான் ஆட்டுவாரு, அவருக்கு எங்க கேக்கும்?” அண்ணன் கத்தியை வைத்துவிட்டு ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தார். கூட்டத்தில் ஒருவர், “ஓய், வெயில் கொல்லுது, வெட்டும்வேய்” என்றார். “பொறும். இது சோதிச்சு வெட்டவேண்டியதாக்கும்” என்றார் அண்ணன். ஸ்டெல்லா போனில் சிரிப்பது எனக்கும் கேட்டது. அதன் பிறகும் குலையிலேயே சிறியதாக ஒன்றைப் பார்த்து எடுத்துச் சீவி, இரண்டு கைகளாலும் நீட்டினார். “பைய, பைய” என்று சொல்லிக்கொண்டே நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது குடுவை ஆய்வகத்துக் கரைசல்களுக்கு மட்டும்தான். வீட்டில் நான் எதையும் அளப்பதில்லை. ஆனால் குடிக்கும் ஒவ்வொரு மடக்கும் உள்ளே எங்கோ போய், வடிந்து, வேண்டாததை எடுத்துக்கொண்டு திரும்பி வரும் வழியை நான் உணர்ந்துகொண்டே இருக்கிறேன். அப்படி ஒன்று நடக்கிறது என்று முன்பு நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நடக்காமல் போகலாம் என்று தெரிந்த பிறகு, நடக்கும் ஒவ்வொரு தடவையும் சிறிய நிம்மதியாக இருக்கிறது.

என் நாளைப் பள்ளி மணிதான் முன்பு பிரித்துக் கொடுத்தது. இப்போதும் மணி அடிக்கிறது. ஆனால் அடிவயிற்றில் அந்த முட்டல் வந்தால் நான் காத்திருப்பதில்லை. அமிலக் குடுவைகளை மூடி அலமாரியில் பூட்டிவிட்டு, பக்கத்து அறை ஆசிரியையிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லி, பாடவேளையின் நடுவிலேயே எழுந்து போகிறேன். நான் திரும்பி வரும்வரை பிள்ளைகள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.